ஒத்துப்போகாத பேய்

நீங்கள் கேட்டது இது: கதை 2079-இல் மும்பையில் நடக்கிறது. தாராவியில் ஒரே சந்தில் பிறந்து வளர்ந்த ஆரவும் அனன்யாவும் ஒன்பது வயதில் பிரிகிறார்கள். முப்பத்தோரு வயதில் மறுபடி சந்திக்கிறார்கள். அவள் இறந்து இரண்டு வருடமாகிவிட்டது என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. பாதி நாவல் எழுதியாயிற்று. படித்தவர்கள் எல்லாரும் சொல்வது, எதிர்காலம் ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம் நிற்கிறது என்று. எங்கே பிசகிற்று?

நான் பிறந்தது தாராவிப் பக்கத்து மாட்டுங்கா லேபர் கேம்ப். இருபது வருடமாகத் தமிழ்க் கதைகளுக்குத் திருத்தம் பார்த்து வருகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் நாற்பதாம் பக்கத்தில் ஆரவ் அவளைப் பார்த்து அலறுகிறான். 2079-இல் ஒருவன் எதற்காக அலற வேண்டும்? 2020-இன் தொடக்கத்திலேயே தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, நோயில் இறந்துபோன ஏழு வயதுப் பெண்ணை மெய்நிகர் உருவமாக்கி அவள் அம்மாவின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. கையுறை மாட்டிய கையால் அந்த அம்மா மகளைத் தடவிப் பார்க்க முயன்றதை உலகமே பார்த்து அழுதது. அதே வருடம் டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு காப்புரிமை பெற்றது: ஒருவருடைய படம், குரல், அவர் எழுதிய செய்திகள் ஆகியவற்றைக் கொண்டு அவர் மாதிரியே உரையாடும் நிரலைச் செய்யும் முறை அது. அந்த ஒருவர் இறந்தவராகவும் இருக்கலாம். இன்னும் அறுபது வருடம் போனால் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் அப்பா படம் “சாப்பிட்டியாடா?” என்று கேட்பது நமக்குக் காலண்டர் மாதிரி பழகிப்போயிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் செத்தவள் எதிரே வந்து நின்றால் ஆரவ் அலற மாட்டான். “இதுக்கு மாசம் யாரு காசு கட்டுறா?” என்றுதான் யோசிப்பான்.

ஆகவே உங்கள் நாவலுக்குள் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. வந்திருப்பது அவளா, அவளுடைய நகலா? இதை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? மூன்று இழைகளும் இங்கேதான் முடிச்சு விழ வேண்டும்.

நம் பக்கத்துக் கோடாங்கிகள் இதற்கு எப்போதோ வழி வைத்திருக்கிறார்கள். பேய் பிடித்தவளை உட்கார வைத்து முதலில் கேட்பது “யாரு நீ, எந்த ஊரு?” பேரையும் ஊரையும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதனால் அடுத்து ஓர் அடையாளம் கேட்பார்கள். வேறு யாருக்கும் தெரியாத ஒன்று. எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் சந்தில் ஓர் அக்காவுக்கு அவள் செத்துப்போன மாமியார் இறங்கிவிட்டதாகச் சொல்லி உட்கார வைத்தார்கள். அவள் தலையை விரித்து ஆடிக்கொண்டே அடகுச் சீட்டு எந்தப் பானைக்குக் கீழே இருக்கிறது என்று சொன்னாள். சீட்டு கிடைத்ததா என்பது எனக்கு மறந்துவிட்டது. அதைக் கேட்டதும் கூட்டம் கப்பென்று அடங்கியது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

2079-இல் அப்படி ஓர் அடையாளம் கேட்டால் எதைச் சொல்ல முடியும்? வாங்கியது, நடந்தது, அழுதது, நெஞ்சு படபடத்தது எல்லாம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கும். அதைத் தின்று வளர்ந்த நகலுக்கும் அவை அத்தனையும் தெரியும். பதிவாகாமல் தப்பியது எது? இரண்டு சிறுபிள்ளைகள் இருட்டில் ஒளிந்திருந்து பேசிக்கொண்டதுதான். உங்கள் கதைக்குப் பால்ய சிநேகம் ஏன் தேவை என்பதற்குப் பதிலும் இதுவே. இப்போது உங்கள் பிரதியில் அது வெறும் இனிப்பாக இருக்கிறது. கல்லூரிக் காதலர்களை அந்த இடத்தில் வைத்தாலும் கதை நகர்ந்துவிடும். அது நகர முடியாதபடி செய்யுங்கள். 2050-களின் குழந்தைகளைக் கேமராக்கள் சூழ்ந்திருக்குமே என்பீர்கள். சூழ்ந்திருக்கட்டும். எந்தக் கண்ணிலும் படாமல் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதே அவர்களுடைய விளையாட்டாக இருக்கட்டுமே. கேமரா பார்க்காத மூலைகள் எல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கும்.

கலித்தொகையின் 51-ஆம் பாட்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தமிழில் பால்ய சிநேகிதர்கள் மறுபடி சந்திக்கும் கதைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தெருவில் மணல்வீட்டைக் காலால் கலைத்தவன், கூந்தல் மாலையை அறுத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், அந்தப் பொல்லாத பயல் வளர்ந்து ஒருநாள் வீட்டு வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அம்மா கொடுக்கச் சொல்கிறாள். இவளும் விகற்பமில்லாமல் கொண்டுபோகிறாள். அவன் வளைக்கையைப் பற்றுகிறான். “அம்மா, இவன் செய்ததைப் பார்” என்று கத்திவிடுகிறாள். அம்மா ஓடிவருகிறாள். அந்த ஒரு நொடியில் இவள் சொல்கிறாள்: “தண்ணி குடிக்கையில விக்கிக்கிட்டான்.” அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவன் கையைப் பிடித்த இடத்தில் காதல் தொடங்கவில்லை. அவள் பொய் சொன்ன இடத்தில் தொடங்கிவிட்டது. இனி அம்மாவுக்குத் தெரியாத ஒன்று அந்த இருவருக்கும் தெரியும். உங்கள் நாவலில் அம்மாவின் இடத்தில் சர்வர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அந்த ரகசியம் எதுவாக இருக்கலாம்? நீங்கள் வைத்திருக்கும் வெள்ளி மோதிரம் வேண்டாம். பொருள் எதுவானாலும் தோண்டி எடுத்துவிடலாம், ஸ்கேன் செய்துவிடலாம். ஒரு பழக்கத்தை வையுங்கள். நாங்கள் கண்ணாமூச்சி ஆடும்போது ஒன்றுவிட்டு ஒன்று தமிழிலும் மராட்டியிலும் எண்ணுவோம். ஒண்ணு, தோன், மூணு, சார், அஞ்சு, சஹா, ஏழு, ஆட், ஒம்போது, தஹா. எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலி, பாதிப் பேர் கொங்கணம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. உங்கள் இருவரும் இதில் இன்னொரு விதி சேர்த்திருக்கட்டும். ஏழு என்ற எண்ணைச் சொல்லக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். ஏன் என்பது அந்த இருவருக்கு மட்டும் தெரியட்டும். இருபத்திரண்டு வருடம் கழித்து ஆளில்லாத பார்க்கிங் தளத்தில் யாரோ இப்படி எண்ணுவது கேட்கிறது. ஆறுக்குப் பிறகு ஒரு மூச்சு அமைதி. அந்த இடத்தில் அவன் அலறட்டும், நியாயம்.

இதோடு நின்றால் நல்ல திகில் கதையாகிவிடும். காதல் கதையாக வேண்டுமானால் இன்னொரு படி ஏற வேண்டும்.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த நகை போல அப்படியே இருப்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாடரும் அவருடைய சகாக்களும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நன்றாகப் பதிந்துபோன ஒரு பயத்தை அந்த எலிகளுக்கு நினைவூட்டியவுடன், மூளையில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். எலிகளிடம் அந்தப் பயம் பிறகு வெகுவாகக் குறைந்துபோயிற்று. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. எடுத்துப் பார்க்கும்போது நினைவு இளகி, மறுபடி உறையக்கூடும் என்பது இதிலிருந்து வந்த புரிதல். இளகும்போது கொஞ்சம் மாறியும் போகலாம்.

இதை உங்கள் ஆட்களுக்குப் பொருத்திப் பாருங்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவன் அந்தச் சந்தை ஆயிரம் முறை எடுத்துப் பார்த்திருப்பான், மனைவியிடம் சொல்லியிருப்பான், நண்பர்களிடம் சொல்லியிருப்பான். சொல்லச் சொல்ல அது மெருகேறி அவனுக்கு வசதியான கதையாகிவிட்டிருக்கும். பிரிந்த அன்று தான் ரயில் நிலையம்வரை ஓடினதாக அவன் உண்மையாகவே நம்புகிறான். நகலிடம் கேட்டால் “ஆமா, ஓடி வந்தே” என்று சொல்லும். அவன் எழுதி வைத்ததையும் பேசி வைத்ததையும் தின்றுதானே அது வளர்ந்தது, வேறென்ன சொல்லும்? செத்தவளின் நினைவோ அப்படித் தேயவில்லை என்று உங்கள் உலகத்துக்கு ஒரு விதி வையுங்கள். அவள் சொல்வாள்: “ஏலே, நீ எங்க ஓடி வந்த? வாசல்ல உக்காந்து பட்டாணி தின்னுக்கிட்டிருந்த.”

நகல் ஒத்துப்போகும். பேய் சண்டை போடும். அவன் எதைக் கொண்டு அவளை அடையாளம் காண்கிறானோ, எதனால் காதலிக்கிறானோ, இரண்டும் இங்கே ஒன்றாகிவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஊடலுக்கென்று ஓர் அதிகாரம் வைத்துத் திருக்குறளை முடித்த மொழி இது. குறுந்தொகை 229-இல் இவன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுப்பதும், அவள் இவன் தலைமுடியைப் பிய்ப்பதும், செவிலித்தாயர் எவ்வளவு விலக்கியும் கேளாமல் இரண்டும் சண்டை பிடிப்பதும் வருகிறது. கண்டோர் அதை நினைவுபடுத்திக்கொண்டு, இன்றைக்கு இவர்களை மாலையின் இரு பக்கத்துப் பூ மாதிரி சேர்த்து வைத்த விதியை வியக்கிறார்கள். சண்டையும் சேர்த்தியும் அங்கே ஒரே நூலில்தான் கோத்திருக்கின்றன.

ஒரு சிறு எச்சரிக்கை, வயதைப் பற்றி. பிறந்ததிலிருந்து ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சின்ன வயதில் கூடவே வளர்ந்தவர்மேல் பெரியவரான பிறகு மோகம் வருவதில்லை என்று ஃபின்லாந்தைச் சேர்ந்த வெஸ்டர்மார்க் 1891-இலேயே எழுதினார். பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து வளர்த்த இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைகளில் வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களை 1971-இல் ஆராய்ந்து பார்த்தபோது, முதல் ஆறு வருடமும் ஒரே குழுவில் ஒன்றாக வளர்ந்த இருவர் மணம் செய்துகொண்டதாக ஒன்றுகூட இல்லை. ஆராய்ச்சி கிடக்கட்டும், நம் சந்துகளிலேயே பக்கத்து வீட்டுப் பையனை அண்ணன் என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள். அண்ணன் என்று கூப்பிட்ட வாயை வாசகர் மறக்க மாட்டார். அவள் குடும்பம் அவளுக்கு ஏழு வயதாகும்போது ஊரிலிருந்து வந்து சேரட்டும். இரண்டு வருடப் பழக்கம் தாராளம்.

அப்படியே பேரையும் மாற்றுங்கள். ஆரவ், அனன்யா என்றால் எந்த ஊர் எந்தத் தெரு என்று ஒன்றும் தெரியவில்லை. பேரன் பேத்திக்குக் குலதெய்வத்தின் பேரை வைக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள்தானே? அவள் இசக்கி. அவன் சுடலைமுத்து, ஆபீசில் முத்து. செத்தவளுக்குப் பழிவாங்கும் அம்மனின் பேர், உயிரோடிருப்பவனுக்குச் சுடுகாட்டுக் காவல் தெய்வத்தின் பேர். நீங்கள் ஒரு வரிகூட விளக்காமல் பேர்கள் தாமாக வேலை செய்யும். இசக்கி என்றதும் பழையனூர் நீலி நினைவுக்கு வந்து, இவளும் பழிவாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று வாசகர் பாதிக் கதைவரை பயப்படுவார். அந்தப் பயத்தைக் கெடுக்காதீர்கள். உங்கள் பிரதியில் அவர்கள் சந்தித்ததும் “நீங்கள் மாறவேயில்லை” என்று பேசிக்கொள்கிறார்கள். திருநெல்வேலி வாயும் தாராவி வாயும் சேர்ந்த பிள்ளைகள் அப்படிப் பேசுமா? அவன் முதலில் தயங்கி “நீங்க...” என்று இழுக்கட்டும். அவள் “என்னலே நீங்க நாங்கன்னுட்டு” என்று வெட்டட்டும். “ஏட்டி” என்று அவன் வாயில் வருவதற்கு நீங்கள் மூன்று அத்தியாயம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. உங்கள் கதையில் முத்தத்தைவிடப் பெரிய சம்பவம் அதுதான்.

பறக்கும் கார் எல்லாம் இருக்கிறது உங்கள் மும்பையில். தண்ணீர் மட்டும் இல்லை. மும்பையில் 2079-ஐ எழுதுகிறவர் முதலில் தண்ணீரை எழுத வேண்டும். ஏழு தீவுகளுக்கு நடுவிலிருந்த கடலைத் தூர்த்து எழுப்பிய ஊர் இது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மித்தி ஆறு பெருகி எங்கள் பக்கமெல்லாம் உள்ளே வந்தது. வெப்பவாயுக்கள் கட்டுக்கடங்காமல் போனால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் உலகக் கடல்மட்டம் 0.63 முதல் 1.01 மீட்டர்வரை உயரக்கூடும் என்பது ஐ.நா. காலநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட கணக்கு. மாஹிம் கழியை ஒட்டிக் கோலி மீனவர்கள் குடியிருந்த சதுப்பு நிலம்தான் தாராவி. அங்கே என்ன செய்திருப்பார்கள்? தரையை உயர்த்தியிருப்பார்கள்.

இங்கே உங்களுக்கு ஓர் அருமையான காட்சி காத்திருக்கிறது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். இசக்கிக்குப் பாவும். ஆனால் அவள் நடப்பது 2057-இன் தரையில். அதன்மேல் மூன்றடி மண்ணும் கான்கிரீட்டும் கொட்டியாயிற்று. ஆகவே புதிய தரையில் நிற்கிற அவனுக்கு அவள் இடுப்புவரைதான் தெரிவாள், வெள்ளத்தில் நிற்கிறவள் மாதிரி. அவளை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பம்ப்செட் ஓடும் அடித்தளத்துக்கு அவன் இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஏறும். சந்திப்புக்கு இடமும் கெடுவும் ஆபத்தும் ஒன்றாகக் கிடைத்துவிட்டன. பேய்க்கு என்னென்ன சக்தி உண்டு என்று நீங்கள் எழுதிய இருபது பக்கத்தையும் வெட்டிவிடலாம். இந்த ஒரு விதி போதும்.

பிரிவுக்கு நீங்கள் சொல்லும் காரணம், அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. தாராவிக்காரனுக்கு அதைவிட நெருக்கமான காரணம் காகிதம். இப்போதைய மறுமேம்பாட்டுத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்தளத்தில் இருந்தவர்களுக்கும் பிந்தி வந்தவர்களுக்கும் வேறு விதி, வேறு இடம். 1887-இல் பெரிய மசூதியும் 1913-இல் கணேசர் கோயிலும் எழுந்த இடத்தில், இருந்ததற்கு ரசீது எங்கே என்று கேட்கிறார்கள். 2057-இல் இன்னொரு மறுமேம்பாடு வரட்டும். ஒரே தடவையோடு இந்த ஊர் அதை விட்டுவிடும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன். இசக்கி வீட்டார் ஏணி வைத்து ஏறும் மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர்கள், சான்றில்லை, ஒரே வாரத்தில் காலி. தன் பழைய முகவரிக்குத் திரும்பிவந்து நிற்கிற பேய், உயிரோடு இருந்தபோது அந்த முகவரியில் வாழ்ந்ததாகப் பதிவே கிடையாது. நகலுக்கு அந்தச் சந்து ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

நகல் எப்படி அவன் கைக்கு வந்தது என்று ஒரு வாசகர் கேட்டதாகச் சொன்னீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். தான் இறந்துபோனாலோ செயலிழந்தாலோ தன் தரவு சார்ந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமித்து வைக்கலாம் என்கிறது. பேங்க் நாமினி மாதிரிதான். அதன் பேத்திச் சட்டம் ஒன்று உங்கள் காலத்தில் இருக்கும். பிரிந்த பிறகு ஒருநாளும் பேசாதவள் அந்தப் படிவத்தில் அவன் பேரை எழுதியிருக்கிறாள். அதுவும் ஆபீஸ் பேரை எழுதவில்லை, சுடலைமுத்து என்று முழுசாக. அந்த அறிவிப்பு அவன் கைக்கு வருவதையே முதல் அத்தியாயமாக வையுங்கள். அவளுடைய காதல் கடிதமும் மரணச் செய்தியும் ஒரே அரசாங்கத் தாளில் வந்து சேரும். கூடவே, அவள் இறந்ததை அவன் பிறகு அறிகிறான் என்ற உங்கள் திருப்பம் போய்விடும். போகட்டும். பேயாக இருக்குமோ என்று வாசகர் பத்தாம் பக்கத்திலேயே ஊகித்துவிடுவார், அவரை நூறு பக்கம் காக்க வைப்பதில் லாபமில்லை.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. மந்திரவாதியைக் கூட்டிவந்து விரட்டும் அந்த முடிவு திருநெல்வேலிப் பக்கத்துக்குப் பொருந்தாது. அகாலமாகச் செத்தவர்களுக்கு அங்கே பீடம் போட்டு, கொடைவிழா எடுத்து, வில்லுப்பாட்டில் அவர்கள் கதையையே பாட வைத்துப் பக்கத்தில் இருத்திக்கொள்வார்கள். நகலை அவன் அழிக்கிறானா வைத்துக்கொள்கிறானா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குக் கேட்டால், அடித்தளத்தில் தண்ணீர் ஏறும் அந்த இரவில் அவன் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்குவான். சஹா வரைக்கும் வருவான். மூச்சைப் பிடிப்பான். ஆட் சொல்வது அவன் குரலா அவள் குரலா என்பதை நான் எழுத மாட்டேன்.